உஷார்! அந்த மிச்ச ஆயிலை ஊற்ற விடாதீர்கள்

உங்கள் பைக்கின் முன் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சின்ன ரேடியேட்டர் போல ஒன்று தொங்குகிறதா? அதற்கு மூடி கிடையாது, பெரும்பாலும் விசிறியும் கிடையாது. இரண்டு தடித்த குழாய்கள் மட்டும் அதிலிருந்து இன்ஜினுக்குள் போகும். அதுதான் ஆயில் கூலர். அது இருக்கிற வண்டி என்றால் அடுத்த ஆயில் சர்வீஸுக்கு விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வண்டிகளில் ஆயில் அளவு ஓட ஓடத்தான் கெடும் என்றில்லை. சர்வீஸ் முடிந்து நீங்கள் சாவியைக் கையில் வாங்கும்போதே தப்பாக இருக்கலாம்.

அபூர்வமான வண்டிகளைச் சொல்லவில்லை. பல்சர் 220, கரிஸ்மா இசட்எம்ஆர், ஓசூரிலிருந்து வரும் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி, சுஸுகி ஜிக்ஸர் 250, பல்சர் என்250, பழைய ஹிமாலயன் 411, 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650, அதன் ஜோடி கான்டினென்டல் ஜிடி 650 என்று நம் தெருவிலேயே நாலைந்து நிற்கும். காற்றால் மட்டும் குளிரும் பழைய வண்டிக்கும், கூலன்ட் ஓடும் விலை கூடிய வண்டிக்கும் நடுவே இருக்கிற வர்க்கம் இது. அந்த இரண்டுக்கும் பழகிய கை இதிலும் அப்படியே வேலை செய்வதுதான் சிக்கலுக்குக் காரணம். அதை ரேடியேட்டர் என்றே நினைத்து, 'கூலன்ட் எங்கே ஊத்துறது?' என்று தேடுகிறவர்களும் உண்டு. தேட வேண்டாம். அதற்குள் ஓடுவது இன்ஜின் ஆயில்தான், வேறு எதுவும் இல்லை.

எந்த மெக்கானிக் கடையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. பழைய ஆயில் தட்டில் இறங்கியாயிற்று. ஃபில்டர் மாற்றியாயிற்று. புனல் வைத்து புது ஆயிலை ஊற்றியாயிற்று. லெவல் கண்ணாடியில் ஆயில் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. பாட்டிலில் இன்னும் 200 மில்லி மிச்சம்.

"மிச்சத்தை என்னண்ணே பண்றது? இதையும் ஊத்திடட்டா?"

"ஊத்திடு தம்பி. காசு குடுத்து வாங்குனதுதானே."

வம்பு அங்கேதான் ஆரம்பம். ஆயில் கூடுதலாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் என்ன என்று கேட்பார்கள். கூடினாலும் ஆபத்துதான். ஆயில் கூலர் வண்டியில் கூடிப்போவது மிகச் சுலபம், அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

காரணம் இதுதான். சாதாரண ஏர்கூல்டு வண்டியில் ஆயில் தங்கும் இடம் இரண்டு. ஒன்று இன்ஜினின் அடிப்பகுதி, அதாவது சம்ப். இன்னொன்று ஃபில்டர். கூலர் வண்டியில் மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது: கூலரும் அதன் குழாய்களும். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் சம்பில் இருப்பது இறங்கிவிடும். ஃபில்டரைக் கழற்றினால் அதில் இருப்பதும் வந்துவிடும். கூலருக்குள்ளும் குழாய்க்குள்ளும் நிற்கும் ஆயில் அநேக வண்டிகளில் இறங்காது, அங்கேயே தங்கிவிடும். அரை மணி நேரம் சொட்ட விட்டாலும் முழுசாக வராது. ஆக, 'காலி' என்று நினைத்து நாம் ஊற்ற ஆரம்பிக்கும் இன்ஜின் உண்மையில் காலி இல்லை.

இதனால்தான் வண்டியோடு வரும் கையேட்டில் ஆயிலுக்கு ஒரே அளவு போட்டிருக்காது. டிரெயின் செய்து ஊற்றினால் ஒரு அளவு, ஃபில்டரும் மாற்றினால் ஒரு அளவு, இன்ஜினைப் பிரித்துக் கோத்தால் வேறொரு அளவு என்று தனித்தனியாக இருக்கும். இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் பிடிக்கும். ஃபில்டரோடு ஆயில் மாற்றும்போது 3 லிட்டர் சொச்சம்தான். இடையில் இருக்கும் முக்கால் லிட்டரை யோசித்துப் பாருங்கள். 'மொத்தக் கொள்ளளவு' என்ற வரியை மட்டும் படித்துவிட்டு நாலு பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தவரின் வண்டி என்ன பாடுபடும்? சின்ன வண்டிகளில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. ஆனால் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் 200 மில்லி என்பது ஆறில் ஒரு பங்கு. அதைக் கொஞ்சம் என்று சொல்ல முடியாது.

சரி, அளவுக் கணக்கு வேண்டாம், கண்ணாடியைப் பார்த்தே ஊற்றிக்கொள்கிறேன் என்கிறீர்களா? அந்தக் கண்ணாடியே உங்களை இரண்டு விதமாக ஏமாற்றும்.

முதல் ஏமாற்று, ஆயில் ஊற்றி முடித்தவுடன் நடக்கும். புது ஃபில்டர் காய்ந்து கிடக்கிறது. கூலரைக் கழற்றி மாட்டியிருந்தால் அதுவும் வெறுமையாக இருக்கிறது. ஊற்றியது எல்லாம் அடியில் நிற்பதால் கண்ணாடி 'ஃபுல்' காட்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் பம்ப் ஆயிலை இழுத்து ஃபில்டரையும் குழாயையும் கூலரையும் நிரப்பும். மட்டம் சரசரவென்று இறங்கும். ஸ்டார்ட் செய்யாமலே மூடியைத் திருகி வண்டியைக் கொடுத்துவிட்டால், 'ஃபுல்' என்று நம்பி நீங்கள் ஓட்டுவது குறைந்த ஆயிலில்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்த கையோடு குனிந்து கண்ணாடியைப் பார்ப்போம். அப்போது ஆயிலில் ஒரு பகுதி இன்னும் மேலே சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது, சுவர்களில் வழிந்துகொண்டிருக்கிறது, கூலரில் நிற்கிறது. கண்ணாடியில் மட்டம் கீழே இருக்கும். 'அய்யய்யோ, ஆயில் குறைஞ்சிருச்சு' என்று ஒரு 150 மில்லி ஊற்றுவோம். பத்து நிமிடத்தில் மேலே இருந்தது எல்லாம் இறங்கி வந்து மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும். அதை யார் மறுபடி குனிந்து பார்க்கிறார்கள்?

முறை என்னவென்றால், முதலில் சமதளம் வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் இது அத்தனை எளிதல்ல. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று வீட்டு வாசலைச் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். பெட்ரோல் பங்க்கின் தரை தேவலாம், அபார்ட்மென்ட் பார்க்கிங் இன்னும் தேவலாம். அடுத்தது, வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்த அளவு எதற்கும் உதவாது. கண்ணாடி வலப்பக்கம் இருந்தால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கையில் ஆயில் அந்தப் பக்கம் ஓடிவிடும், கண்ணாடியில் காலி என்று தெரியும். இப்போது வரும் பல வண்டிகளில் டபுள் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்த்த, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர் சீட்டில் உட்கார்ந்தபடி தலையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்க்கும்போது வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. செல்போனைக் கண்ணாடிக்கு நேராகத் தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டால் அந்தக் கவலை கொஞ்சம் குறையும்.

பிறகு இன்ஜினை ஓட விடுங்கள். சில நிமிடம், முறுக்காமல், ஐடிலில். ஆயில் சூடாகி ஃபில்டர், குழாய், கூலர் என்று எல்லா இடமும் போய் வரட்டும். சில வண்டிகளில் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கூலருக்கு வழி திறக்கும் வால்வு இருக்கிறது. அவற்றில் ஒரு நிமிட ஐடில் போதாது, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வர வேண்டும். அணைத்துவிட்டுக் காத்திருங்கள். எத்தனை நிமிடம் என்று கையேட்டில் இருக்கும். இரண்டு என்றால் இரண்டு, ஐந்து என்றால் ஐந்து. அந்த எண்ணை யாரோ சும்மா போடவில்லை. கோடு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்ததே அந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்த்தால் வேறு மட்டம் தெரியும், அதை வைத்து ஊற்றவும் கூடாது, எடுக்கவும் கூடாது. குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும் என்று உங்கள் கையேடே சொன்னால் அது வேறு விஷயம்.

கண்ணாடியில் இன்னொரு பித்தலாட்டம் உண்டு. நாலைந்து வருடம் ஓடிய வண்டியில் அந்தக் கண்ணாடி உள்பக்கம் பழுப்பேறிக் கிடக்கும். ஆயில் இருக்கிறதா, கறைதான் தெரிகிறதா என்று சொல்ல முடியாது. வண்டியை இடம் வலமாக லேசாக ஆட்டுங்கள். கோடு ஏறி இறங்கினால் அது ஆயில். அசையாமல் நின்றால் ஒன்று கறை, அல்லது கண்ணாடிக்கு மேலே வரை ஆயில் முங்கிக் கிடக்கிறது. இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. பார்க்கிறவருக்கு 'நல்லா ஃபுல்லா இருக்கு' என்ற நிம்மதியை அது கொடுத்துவிடும். கண்ணாடி இல்லாமல் டிப் ஸ்டிக் இருக்கிற வண்டியா? அதைத் திருகி இறக்கிப் பார்ப்பதா, மரையில் சும்மா உட்கார வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். மாற்றிச் செய்தால் மரையின் நீளத்துக்குக் கணக்கு தவறிவிடும். அந்த நீளம் குச்சியில் இருக்கும் இரண்டு கோடுகளின் இடைவெளி அளவுக்குக்கூட வரலாம்.

மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தேங்கி நிற்கும் ஆயிலுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் கிராங்க் சுற்றுகிறது. சாதாரணமாக ஊருக்குள் ஓட்டும்போதே நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று. மட்டம் ஏறி அதைத் தொட்டுவிட்டால் அது ஆயிலைக் கடைய ஆரம்பித்துவிடும். காற்று கலந்து ஆயில் நுரைக்கும். இந்த நுரையைத்தான் பம்ப் உறிஞ்சி பேரிங்குக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் அனுப்பும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டியது ஆயில் படலம். நுரைக் குமிழி அந்த அழுத்தத்தைத் தாங்காது, நசுங்கிவிடும். கூலர் இருக்கும் வண்டிக்கு இதில் இரட்டை அடி. காற்றுக் குமிழி வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். நுரைத்த ஆயில் கூலருக்குள் போய்ச் சுற்றினாலும் சூட்டை இறக்கி வைக்காமல் திரும்பி வரும். சூடு கூடினால் ஆயில் இளகும், இளகினால் படலம் மெலியும். கூலர் இருந்தும் இல்லாத கதைதான்.

இது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது வேறு. இன்ஜினுக்குள் உண்டாகும் காற்றழுத்தம் வெளியேற ஒரு பிரீதர் குழாய் இருக்கிறது. அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். ஆயில் கூடினால் காற்றோடு ஆயிலும் அந்தக் குழாய் வழியே ஏறி, பெட்டியில் தேங்கி, காகித ஃபில்டரை ஊறப் போட்டுவிடும். பிக்கப் மந்தமாகும், சைலன்சரில் நீலப்புகை வரும், பெட்டியின் அடியில் தொங்கும் சின்ன வடிகுழாயில் கரிய ஆயில் சேர்ந்திருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இதற்குச் செலவு இன்னும் அதிகம். எரிந்த ஆயில் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பதம் பார்க்கும். இங்கே ஒரு கூத்தும் நடக்கும். பெட்டியின் அடியில் ஆயில் சொட்டுவதைப் பார்த்தவர், 'ஆயில் ஒழுகுது, உள்ளே குறைஞ்சிருக்கும்' என்று முடிவுகட்டி இன்னொரு 100 மில்லி ஊற்றிவிட்டுப் போவார். சில மெக்கானிக்குகள் ரிங் போய்விட்டது, போர் வேலை பார்க்கணும் என்று இன்ஜினையே இறக்கச் சொல்வார்கள். இன்ஜினில் கை வைக்கச் சம்மதிக்கும் முன் லெவலை ஒருமுறை முறையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

கூடுதல் ஆயிலை எடுக்க டிரெயின் போல்ட்டை லூஸ் பண்ணிக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். சூடான ஆயில் கையில் ஊற்றும், போல்ட்டும் தட்டில் விழும். எத்தனை வெளியே போனது என்றும் தெரியாது. அலுமினிய இன்ஜினில் அந்த மரையை அடிக்கடி திருகுவதும் நல்லதல்ல. மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். அதன் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஆயில் ஊற்றும் வாய் வழியாக விட்டு உறிஞ்சுங்கள். ஒரு இழுப்புக்கு 50 மில்லி என்று கணக்கும் கையில் இருக்கும். குழாய் கிளட்ச், கியர் பக்கம் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினைச் சுற்றவிட்டபடி இதைச் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி குறைவது. இது சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவில் சத்தமில்லாமல் நடக்கும். அந்தக் காலத்தில் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினோம், தானாகவே அளவும் சரியாகிவிடும். இன்று செமி சிந்தெடிக், சிந்தெடிக் என்று வந்து 5,000, சில வண்டிகளில் 10,000 கிலோமீட்டர் வரை இடைவெளி போய்விட்டது. ஆயிலின் தரம் அதைத் தாங்கும், அளவு தாங்குமா? காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின்களில் கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு. ஜிஎஸ்டி ரோட்டில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் விரட்டினால் இன்னும் கூடுதலாக எரியும். 10,000-க்கு மாற்றினால் போதும் என்று கையேடு சொல்வதை, 10,000 வரை திறந்தே பார்க்க வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கையேட்டில் இடையிடையே லெவல் பாருங்கள், குறைந்தால் டாப் அப் செய்யுங்கள் என்ற வரியும் இருக்கும். அது கண்ணில் படுவதில்லை.

காருக்கும் பைக்குக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காரில் 300 மில்லி குறைந்தால் நாலு லிட்டரில் குறைகிறது. ஒன்றேகால் லிட்டர் பைக்கில் 300 மில்லி போனால் கால்வாசி போயிற்று. மிச்சம் இருக்கும் ஆயில் அதே சூட்டைச் சுமக்க வேண்டும், முன்னைவிட அடிக்கடி சுற்றி வர வேண்டும், ஆற நேரமில்லாமல் திரும்ப ஓட வேண்டும். பைக்கில் அதே ஆயில்தான் கியருக்கும் கிளட்ச்சுக்கும். கியர் பற்கள் அதை நறுக்கித் தள்ளும், கிளட்ச் பிளேட்டின் தூளும் அதில்தான் சேரும். (கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்பதற்கும் காரணம் இதுதான். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் கிரேடையே வாங்குங்கள். அதற்கு மேல் ஆயில் பிராண்டு சண்டையில் இறங்க எனக்கு விருப்பமில்லை.)

குறைந்த ஆயில் முதலில் காட்டிக்கொடுப்பது சமதள ரோட்டில் அல்ல, மலையில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஆயில் பின்னால் சரியும். இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன்னால் ஓடும். பம்ப் உறிஞ்சும் வாய் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மட்டம் குறைவாக இருந்தால் அந்த வாய் சில நொடிகள் ஆயிலை விட்டுக் காற்றை இழுக்கும். இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கிங்கில் அலறிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு அந்தச் சில நொடிகளே அதிகம். முதலில் பட்டினி கிடப்பது உச்சியில் இருக்கும் கேம்ஷாஃப்ட்டும் ராக்கரும். 'டிக் டிக்' என்று டேப்பெட் சத்தம் கேட்கும். டேப்பெட் அட்ஜஸ்ட் செய்தால் சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. அடுத்து பேரிங். அதற்கும் பிறகு பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் இன்ஜின் பிடித்தால் பின் சக்கரமும் நின்றுவிடும். கிளட்ச்சைப் பிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"என் வண்டியில்தான் ஆயில் லைட் இருக்கே, குறைஞ்சா எரியுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பைக்குகளில் அது ஆயிலின் அளவைப் பார்க்கும் லைட் அல்ல, அழுத்தத்தைப் பார்க்கும் லைட். அரை லிட்டர் குறைந்தாலும் பம்புக்கு ஆயில் எட்டும்வரை அது எரியாது. எரிகிறது என்றால் உள்ளே அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். பல வண்டிகளில் அந்த லைட்டும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெரிசலிலும் எச்சரிக்கை தேவை. விசிறி இல்லாத கூலர் வேலை செய்ய எதிர்க்காற்று வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பெருங்களத்தூர் பக்கம் அரை மணி நேரம் ஊர்ந்தால் கூலர் வெறும் அலங்காரம்தான். அன்றைக்கு இன்ஜினைக் காப்பாற்றப் போவது சரியான அளவில் இருக்கும் ஆயில் மட்டுமே.

மட்டம் தானாக ஏறினால்? ஊற்றாமலே ஆயில் கூடியிருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, அதிர்ச்சி அடைய வேண்டிய நேரத்தில். உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் மிதவை ஊசி சரியாக அடைக்காமல், பெட்ரோல் டேப்பையும் மூடாமல் விட்டால், ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் இறங்கிவிடும். மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கும், விரலில் தொட்டால் தண்ணியாக ஓடும். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர். சின்னச் சின்ன தூரமே ஓட்டுகிற வண்டியில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிவது வேறு. கண்ணாடி முழுக்கப் பால் நிறம் என்றால் வெள்ளம் உள்ளே போயிருக்கிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. முங்கிய வண்டியை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று உதைத்ததில் கெட்ட இன்ஜின்கள் ஏராளம். கூலர் வண்டியில் இதில் கூடுதல் தொல்லை. தண்ணீர் கலந்த ஆயில் ஒருமுறை கூலருக்குள் ஏறிவிட்டால், டிரெயின் போல்ட்டைக் கழற்றினாலும் அது இறங்காது. கூலரைத் தனியாகக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும், அல்லது ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும்.

சொந்தமாகக் கூலர் மாட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கூலர் இல்லாமல் வந்த வண்டிக்கு அது தேவை என்றே எனக்குத் தோன்றுவதில்லை. மாட்டியே தீருவேன் என்றால், கையேட்டின் அளவு இனி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. கூலரும் குழாயும் குடிக்கும் ஆயிலைத் தனியே சேர்க்க வேண்டும். மாட்டிய அன்று மட்டுமல்ல, நாலு நாள் கழித்தும் லெவல் பாருங்கள்.

கடைசியாக, கசிவு. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது சின்ன விஷயம் என்பதல்ல. கூலர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். முன் டயர் அள்ளி வீசும் ஜல்லி, மண், எல்லாம் நேராக அதன் மேல். மெல்லிய அலுமினியத் தகடுகள்தான். வாட்டர் வாஷில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் அந்தத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், காற்றுப் போக வழி இருக்காது. தூரத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள். குழாய் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வாஷர் வைத்த போல்ட் இருக்கும். கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்த வாஷரை மாற்ற வேண்டும். பழையதையே போட்டு இன்னும் ஒரு முறுக்கு கொடுப்பதுதான் நம் வழக்கம். அங்கேதான் முதலில் வியர்க்கும்.

நின்றிருக்கும் வண்டியில் கசிவு இருந்தால் தரையில் சொட்டும், தெரிந்துவிடும். ஓடும்போது ஆயில் அழுத்தத்தோடு வெளியே வரும். காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜின் மேல் பட்டுக் கருகிய வாடை வரும். பேன்ட்டின் முழங்காலுக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கறை விழும். அதற்கு அடுத்து ஆயில் போய்ச் சேரும் இடம் பின் டயர். ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தால் போதும். ஆகவே வண்டி ஓடும்போது ஆயில் வாடை வந்தாலோ, காலில் ஈரம் பட்டாலோ, 'சிக்னல் தாண்டி நிறுத்திப் பார்ப்போம்' வேண்டாம். முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, வண்டியைச் சாய்க்காமல் நேராக ஓரம் கட்டுங்கள். பின் டயரின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் கறுத்தால் மண்ணைத் தூவித் தேய்த்துவிட்டுக் கிளம்புகிற வேலை வேண்டாம். கூலரில் எம்-சீல் பூசி ஒப்பேற்றுகிற வேலையும் வேண்டாம், சூட்டிலும் அழுத்தத்திலும் அது நிற்காது. வண்டியை டாட்டா ஏஸில் ஏற்றுங்கள். வாஷரும் குழாயும் மாற்றி, டயரை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் பிரேக் பேடையும் மாற்றி, ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அணைத்து, காத்திருந்து, நேராக நிறுத்தி லெவல் பார்த்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம்.